கைநூலில் இல்லாத பேராதனை

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த பிறகு எங்கள் வீட்டில் அதிகம் புரட்டப்பட்ட புத்தகம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைநூல். அப்பா அதைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். அவர் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு வயலுக்குப் போனவர். ஆனாலும் பரீட்சைப் பெறுபேற்றை ஒப்பிடக் கணக்கிடும் இசட் புள்ளி என்றால் என்ன, அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச வெட்டுப்புள்ளி ஏன் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது என்பதையெல்லாம் ஊருக்கே வகுப்பெடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுவார். எங்கள் கிளிநொச்சி மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பதில் அவருக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் ஆறுதல்.

அந்தக் கைநூல் நல்ல புத்தகம், தமிழிலும் வருகிறது. எந்தப் பாடத்துக்கு என்ன தகுதி, எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன பீடம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போய் இறங்கிய முதல் கிழமையில் எனக்குத் தேவைப்பட்ட எதுவும் அதில் இல்லை. வரைபலகையைக் கடையில் வாங்க வேண்டுமா, யாரிடமாவது கிடைக்குமா? ரியூட்டில், அதாவது பயிற்சித் தாளில், உள்ள எல்லாக் கணக்கையும் செய்ய வேண்டுமா? விரிவுரையில் விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேட்பதா, முடிந்த பிறகு அறைக்குப் போய்க் கேட்பதா, கேட்காமலே இருப்பதா? எந்தக் கன்ரீனில் மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகும் சோறு இருக்கும்? இவையெல்லாம் காதால் மட்டுமே கிடைக்கிற தகவல்கள். பல்கலைக்கழகம் என்றால் புத்தகங்களால் இயங்கும் இடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். நான் பார்த்த வரையில் அது பாதிக்கு மேல் வாய்ச்சொல்லால்தான் இயங்குகிறது. வீட்டில் அண்ணனோ மாமாவோ முன்பே பல்கலைக்கழகம் போன பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அதைத் தேடிப் போய்ப் பெற வேண்டியிருக்கிறது.

கிளிநொச்சியில் இருந்து பேராதனை போக வழி சுலபம். எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற ஏ9 வீதியே நேராகக் கண்டியில் போய்த்தான் முடிகிறது. யாழ்ப்பாணம் முதல் கண்டி வரை 321 கிலோமீற்றர். சிறுவயதில் யுத்தத்தால் அந்த வீதி மூடியும் திறந்தும் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனாலோ என்னவோ, இரவு பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்ந்து, மாத்தளைக்கு அப்பால் வளைவுகளில் தூக்கம் கலைந்து, விடியக்காலையில் கண்டியில் இறங்குவது எனக்கு ஏதோ ஏமாற்று வித்தை போலவே இருந்தது. அம்மா மிளகாய்த்தூளும் பனம்பழப் பினாட்டும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் கட்டித் தந்திருந்தார். ஒடியல் மாவை வைத்து விடுதி அறையில் என்ன செய்வது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பேராதனை அழகான வளாகம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தை மலைநாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் பிடிவாதமாக நின்றார். 1949 தொடக்கம் பீடங்கள் ஒவ்வொன்றாக இங்கே வந்தன, 1952இல் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. எங்கள் பொறியியல் பீடம் அதற்கும் பின்னால், 1960களின் நடுப்பகுதியில். ஒருபக்கம் ஹந்தானை மலை, நடுவே மகாவலி, கண்டிய மன்னர் கால மண்டபத்தைப் போலத் தூண்கள் வைத்த செனற் கட்டடம், சில மாதங்களில் வீதியெல்லாம் இளஞ்சிவப்பாக்கும் ரொபரோசியா மரங்கள். படம் எடுக்க வருகிறவர்களுக்கு இது போதும்.

அங்கே குடியிருக்கப் போகிறவளுக்கு முதலில் தெரிவது அழகல்ல, ஏற்றம். நான் வன்னிச் சமதரையில் சைக்கிள் ஓடிப் பழகியவள். பேராதனையில் சாப்பிடப் போவதற்கும் ஏற வேண்டும், படுக்கப் போவதற்கும் ஏற வேண்டும். அப்புறம் மழை. எங்கள் ஊர் மழை காலம் பார்த்து வரும், வந்தால் குளம் நிரப்பும், போய்விடும். இங்கே பின்னேரம் நாலு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். தோய்த்த துணி நாள்கணக்கில் காயாது. அரைகுறையாகக் காய்ந்த துணிக்கென்று ஒரு மணம் உண்டு, என் முதல் பருவம் முழுக்க அந்த மணம்தான். ஊரில் இருந்து கொண்டுபோன செருப்பு ஈரப் படிகளில் வழுக்கியது. நல்ல பிடிமானமுள்ள சப்பாத்தும் கம்பி உறுதியான குடையும் முதல் வாரத்திலேயே வாங்க வேண்டியவை என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

விடுதி எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருக்கவில்லை. ஓர் அறைக்குள் நான்கு பேர், குளிக்க வரிசை, சாப்பிட வரிசை என்று சில பிள்ளைகள் அழுதார்கள். 2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு கூடாரத்துக்குள் இரண்டு குடும்பமாக இருந்தவள் நான். அங்கே தண்ணீர் வாளியோடு நின்ற வரிசைக்கு முன்னால் இது வரிசையே இல்லை. இதை அப்போது நான் யாருக்கும் சொல்லவில்லை. அறைத்தோழிகளில் ஒருத்தி கொழும்பு, ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி நுவரெலியாத் தோட்டம் ஒன்றில் இருந்து வந்தவள். நான்கு பேரும் தமிழ் கதைத்தோம், நான்கும் நான்கு தமிழ். தோட்டத்தில் இருந்து வந்த பிள்ளைக்குக் குளிரும் ஏற்றமும் சொந்த ஊர். எங்களுக்கு எப்படிப் போர்த்திப் படுப்பது என்று பாடம் எடுத்தது அவள்தான்.

படிப்பு வேறு கதை. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழில் படித்தேன், நன்றாகவே படித்தேன். இங்கே பொறியியல் முழுவதும் ஆங்கிலம். தொடக்கத்தில் ஆங்கில வகுப்பு ஒன்று தருகிறார்கள், அது உதவத்தான் செய்தது. ஆனால் விரிவுரையாளர் அரை நொடியில் சொல்லிவிட்டுப் போகிற சொல்லை என் தலை ஆர்முடுகல், தொகையீடு என்று மாற்றி எடுத்து வருவதற்குள் பலகையில் இரண்டு வரி கூடிவிடும். கணக்குத் தெரியும், கேள்விதான் தெரியாது. நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிற மண்டபத்தில், முன்வரிசையில் கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகள் விரிவுரையாளரோடு ஆங்கிலத்தில் சிரித்துக் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்கு நல்லதல்ல. அவர்களுக்கு அறிவு கூட என்று நினைக்கத் தொடங்கிவிடுவோம். அப்படி இல்லை என்பது முதல் பருவப் பெறுபேறு வரும்வரை தெரியாது.

முதல் வாரங்களில் ஒரு மாலை, எங்களுக்கு இரண்டு வருடம் மூத்த அக்கா ஒருவர் அறைக்கு வந்தார். முல்லைத்தீவுக்காரர். கையில் ஒரு வரைபலகை, டீ மட்டம், கயிறு கட்டிய பழைய வினாத்தாள் கட்டு.

"பிள்ளை, பலகை வாங்கிப்போட்டியே?"

"இன்னும் இல்லை அக்கா."

"வாங்காத. இதை வச்சு வரை. அடுத்த வருசம் வாற பிள்ளையளுக்குக் குடு."

பலகையின் பின்பக்கத்தில் வரிசையாகப் பெயர்கள் எழுதியிருந்தன. சில பெயர்களுக்கு மேலே மை மங்கியிருந்தது. அக்கா கட்டிலில் இருந்துகொண்டு, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். எந்தப் பாடத்தில் பழைய வினாத்தாள் செய்தால் போதும், எதில் செய்தும் பயனில்லை. ரியூட்டைத் தனியாக இருந்து செய்யாதே, நாலு பேராக இருந்து செய். ஆய்வுகூட அறிக்கையை அன்றிரவே எழுது, மறுநாள் எழுதினால் வாசிப்பு எங்கே எடுத்தோம் என்பதே மறந்துவிடும். விளங்காததை விரிவுரையாளரின் அறைக்குப் போய்க் கேள், அநேகமானவர்கள் நல்லவர்கள், ஆங்கிலம் உடைந்தாலும் சிரிக்க மாட்டார்கள். முதலாம் ஆண்டு எல்லோருக்கும் பொது, அதன் முடிவில் புள்ளியையும் விருப்பத்தையும் பார்த்துத்தான் சிவில், மின், கணினி, இயந்திரம் என்று பிரிப்பார்கள், ஆகவே இந்த ஒரு வருடத்தைத் தவற விடாதே. கைநூலில் இல்லாத புத்தகத்தின் முதல் அத்தியாயம் அது.

பரீட்சை நெருங்கியபோது குப்பி தொடங்கியது. இலங்கையில் பல்கலைக்கழகம் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பாடம் நன்றாக விளங்கிய மூத்த மாணவரோ சக மாணவரோ இரவில் ஒரு வெற்று வகுப்பறையில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. காசு இல்லை, வரவுப் பதிவு இல்லை. எங்கள் குப்பி தமிழில் நடந்தது, கலைச்சொல் மட்டும் ஆங்கிலத்தில். பருவம் முழுக்கப் புகையாக இருந்த ஒரு பாடம் இரண்டு மணித்தியாலத்தில் விளங்கியபோது எனக்கு வந்தது மகிழ்ச்சியல்ல, கோபம். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று.

இந்தச் சங்கிலியைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். புதியவருக்குத் தேவையான எல்லாமே மூத்தவரின் கையில் இருக்கிறது என்றால், அந்தக் கை கொடுக்கவும் செய்யும், முறுக்கவும் செய்யும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மூத்தவர்கள் புதியவர்களை வதைக்கும் பகிடிவதை இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் குரூரம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். பணியாதவருக்குக் குப்பி இல்லை, வினாத்தாள் இல்லை, யாரும் கதைக்க மாட்டார்கள் என்ற பயம்தான் பலரைப் பணிய வைக்கிறது. 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். தமிழ் மாணவர். அடுத்த ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வேண்டும், தண்டனையும் வேண்டும். அதோடு பழைய வினாத்தாளும் குறிப்புகளும் நூலகத்திலோ இணையத்திலோ எல்லோருக்கும் திறந்திருந்தால் பாதி மிரட்டல் தானாகச் செத்துவிடும். இதை நான் அப்போதும் சொன்னேன், சில மூத்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. வரைபலகை தந்த அக்காவுக்குப் பிடித்தது.

வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குப் போவோம். வளாகத்துக்குள் குன்றின் மேல் இருக்கிற முருகன் கோயில் அது. விகாரை, பள்ளிவாசல், கிறிஸ்தவ ஆலயம் என்று மற்றவையும் வளாகத்தில் உண்டு. எனக்குப் பக்தி அவ்வளவில்லை. ஆனால் பூசை முடிந்து படியில் இருந்து சுண்டல் சாப்பிடும்போது நாலு பக்கமும் தமிழ் கேட்கும். கலைப்பீடம், விஞ்ஞானம், மருத்துவம், கால்நடை மருத்துவம் என்று எல்லாப் பீடத்துப் பிள்ளைகளும் வருவார்கள். யாருடைய ஊருக்கு யார் போகிறார்கள், யாரிடம் பார்சல் கொடுத்தனுப்பலாம், நகரத்தில் எந்தக் கடையில் நல்லெண்ணெய் கிடைக்கும் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். ஒடியல் மாவுக்கும் அங்கேதான் வழி பிறந்தது. வெளியே போடிங் எடுத்துத் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து அக்காமார் சிலர் ஒரு ஞாயிறு கூழ் காய்ச்சினார்கள். மீன் வாங்கப் பேராதனைச் சந்திக்குப் போனவர்கள் நண்டும் வாங்கி வந்தார்கள். மலைநாட்டில் வாங்கிய நண்டு எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டாம், எல்லோரும் குடித்தோம்.

பணம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் காலத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாய். விடுதிக் கட்டணம் மிகக் குறைவு, படிப்புக்குக் கட்டணமே இல்லை. கன்ரீன் சோற்றையும் பாண் பருப்பையும் நம்பியிருந்தால் மாதம் ஓடிவிடும். இலவசக் கல்வியை வைத்து வாழ்ந்தவள் நான், அதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

முதல் வருடத்தின் நடுவில் அப்பாவும் அம்மாவும் பார்க்க வந்தார்கள். செனற் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்தோம். அப்பா நெடுநேரம் புல்வெளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நிலத்தையும் சும்மாவே விட்டு வச்சிருக்கினம்?"

அம்மாவுக்கு என் அறையின் யன்னல் பிடித்தது, துணி காயாதது பிடிக்கவில்லை. கலஹா வீதியில் நடந்துபோகும்போது அருணாசலம் விடுதியையும் இராமநாதன் விடுதியையும் காட்டினேன். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்துக் கேட்டவர்களில் முன்னால் நின்றவர் பொன்னம்பலம் அருணாசலம் என்று நான் அப்போதுதான் படித்திருந்தேன். அப்பா ஊருக்குப் போய் அதையும் தன் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

முதலாம் ஆண்டு முடிந்தபோது நான் பேராதனையில் நன்றாகக் குடியேறிவிட்டேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் நினைத்தேன். புள்ளி வந்தது, சிவில் கிடைத்தது. நண்பர்கள், குப்பி, கோயில், கூழ், எல்லாம் இருந்தது. எல்லாம் தமிழில் இருந்தது. ஆயிரக்கணக்கான சிங்கள மாணவர்கள் இருக்கிற வளாகத்தில் ஒரு வருடம் இருந்தும், ஒரு சிங்களப் பிள்ளையின் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. நேரடிச் சண்டையோ வெறுப்போ எதுவும் கிடையாது. வழியில் கண்டால் சிரிப்போம். குறிப்புக் கேட்டால் தருவார்கள். அவ்வளவுதான். அவர்களுக்கு அவர்களுடைய மூத்தவர்கள், அவர்களுடைய குப்பி. எங்களுக்கு எங்களுடையது. தமிழ்ப் பிள்ளைகள் சிலர் நாலு வருடத்தையும் இப்படியே முடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், எந்த இடைஞ்சலும் இல்லாமல். சிங்களப் பிள்ளைகளும் அப்படித்தான். பெரிய பிரச்சினை எதுவும் நடக்காததாலேயே யாருக்கும் இது பிரச்சினையாகத் தெரிவதில்லை.

என்னை அதில் இருந்து வெளியே இழுத்தது எந்த நல்லிணக்கக் கருத்தரங்கும் அல்ல, நில அளவைச் செய்முறை. அதற்குக் குழுவைப் பதிவு இலக்கப்படி பிரித்தார்கள், யாரும் ஆள் தெரிந்து சேர முடியாது. எங்கள் குழுவில் மாத்தறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து வந்த பெண் ஒருத்தி, கண்டி நகரத்துப் பையன் ஒருவன், அக்குறணையில் இருந்து வந்த முஸ்லிம் பையன் ஒருவன், நான். அக்குறணைக்காரனுக்கு மூன்று மொழியும் சரளம், கடைத்தெருவில் வளர்ந்தவன். முதல் நாட்களில் அவன்தான் எங்கள் எல்லோருக்கும் வாய்.

லெவலிங், அதாவது நிலத்தின் உயர வித்தியாசத்தை அளப்பது, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முக்காலியில் தொலைநோக்கி போன்ற ஒரு கருவி. தூரத்தில் ஒருவர் நெடிய அளவுகோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். கருவியில் பார்ப்பவர் அதில் தெரியும் எண்ணை வாசிப்பார், இன்னொருவர் கொப்பியில் எழுதுவார். அப்படியே இடம் மாறி மாறிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வர வேண்டும். ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் கூட்டிக் கழித்தால் பூச்சியம் வர வேண்டும். சில மில்லிமீற்றர் பிசகினால் மன்னிப்பு உண்டு, கூடப் பிசகினால் முழுச் சுற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். பேராதனை மேடு பள்ளத்தில், மழை இருட்டிக்கொண்டு வரும்போது, இது விளையாட்டில்லை.

மாத்தறைப் பெண் கருவியில், நான் கொப்பியில். எண்களை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்று பேச்சு. வானம் கறுக்கக் கறுக்க அவள் அவசரத்தில் சிங்களத்துக்கு மாறிவிட்டாள். "எகய் தசம ஹதரய் அடய் துனய்!" நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்குறணைக்காரன் அந்த நேரம் தூரத்தில் அளவுகோலோடு நிற்கிறான், மொழிபெயர்க்க ஆளில்லை. அவளும் என்னைப் பார்த்தாள், ஆங்கிலத்தில் அந்த எண் அவளுக்கு உடனே வரவில்லை. விரலைக் காட்டினாள். ஒன்று, தசம், நாலு, எட்டு, மூன்று. எழுதினேன். அடுத்த வாசிப்பில் இருந்து அவள் சிங்களத்தில் சொல்ல, நான் சத்தமாகத் தமிழில் திருப்பிச் சொல்லி எழுதத் தொடங்கினேன். சரிபார்ப்பதற்கு நல்ல முறை அது, எந்தப் பாடநூலிலும் இல்லை. செய்முறை முடிகிற காலத்தில் எனக்குச் சிங்கள எண்ணும் அவளுக்குத் தமிழ் எண்ணும் தூக்கத்திலும் வரும்.

அவளுக்கும் ஆங்கிலம் ஓடவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஆங்கிலத்தில் தடுமாறுவது தமிழ்ப் பிள்ளைகளின் தனித் துயரம் என்று எப்படியோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கிராமத்துப் பாடசாலையில் சிங்களத்தில் படித்து வந்தவள். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் அவள்தான் முதல் பல்கலைக்கழகம். முதல் வருடம் முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்து அவளும் அதே மாதிரி உள்ளுக்குள் சுருங்கியிருக்கிறாள். அவளுடைய அப்பாவும் கைநூலைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கும் அளவுக்கு அப்போது மொழி இருக்கவில்லை.

அவளிடம் ஒரு வினாத்தாள் கட்டு இருந்தது. எங்களுடைய கட்டுக்குள் இல்லாத சில வருடங்கள் அதில் இருந்தன, அதில் இல்லாத சில எங்களிடம் இருந்தன. எங்களுடைய விடைகளின் ஓரத்தில் தமிழில் குறிப்பு, அவர்களுடையதில் சிங்களத்தில். இரண்டையும் போட்டோப்பிரதி எடுத்து மாற்றிக்கொண்டோம். பிறகு ஒரு பாடத்துக்கு நாலு பேரும் சேர்ந்து இருந்து படித்தோம். உடைந்த ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் விளக்க வேண்டி வந்ததில் என் ஆங்கிலம் திருந்தியது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு முன்னால் வாய் திறக்காதவள், என்னைப் போலவே தடுமாறுகிறவளோடு தாராளமாகப் பேசினேன்.

அவள்தான் ஒருநாள் திறந்தவெளி அரங்குக்குக் கூட்டிப் போனாள். சிங்கள நாடகாசிரியர் பேராசிரியர் சரச்சந்திரவின் பெயரில் உள்ள அந்த அரங்கை மாணவர்கள் 'வல' என்பார்கள். மலைச்சரிவில் மரங்களுக்குக் கீழே படிபடியாக இருக்கை, கீழே மேடை. சிங்கள நாடகம். பாயும் குடையும் நிலக்கடலையும் கொண்டுபோய் இடம் பிடிக்க வேண்டும். கதையில் பாதிதான் விளங்கியது. ஆனால் மேடையில் காலெடுத்து வைத்து ஆடி வந்த முறையும் பாட்டின் இழுவையும் எங்கேயோ பார்த்தது, கேட்டது. மட்டக்களப்பு அறைத்தோழி பக்கத்தில் இருந்தாள். "இது எங்கட கூத்தடி" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. சரச்சந்திர எடுத்தாண்ட நாடகம என்ற சிங்கள நாடக வடிவத்துக்கு வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியதும் இதே பேராதனையில் இருந்துதான். ஒரே வளாகத்தில் இரண்டு பேராசிரியர்கள் ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். நாங்கள் ஒருவர் குப்பிக்கு மற்றவர் போகாமல் ஒரு வருடத்தைக் கழித்திருக்கிறோம்.

மண் பொறியியல் படித்த பருவத்தில் இன்னொன்று தெரியவந்தது. களிமண் எப்படி நெகிழ்கிறது என்பது பற்றி 1963இல் கேம்பிரிட்ஜில் இருந்து வந்த புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் அழகையா துரைராஜா. வடமராட்சிக்காரர், எங்கள் பீடத்தில் பீடாதிபதியாக இருந்தவர், பிறகு யுத்தகாலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். உலகம் முழுக்க மண் இயக்கவியல் மாணவர்கள் படிக்கிற பெயர். இதைச் சொன்ன விரிவுரையாளர் சிங்களவர், சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. ஒரு வருடம் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே இருந்த காலத்தில் இந்தப் பெயரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. வரப்போகிறவர்களுக்குப் பதிவுக்கு முன்பே வாட்ஸ்அப் குழு, பழைய வினாத்தாள் எல்லாம் பீடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் குழுக்களும் மொழிக்கு மொழி தனித்தனி என்று கேள்வி.

அண்மையில் தருமபுரம் பக்கத்தில் இருந்து ஒரு பிள்ளை பேராதனைக்குத் தெரிவாகி, யாரிடமோ என் இலக்கம் வாங்கிப் போன் எடுத்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். குடை, சப்பாத்து, பலகை, மகாபொல, ஆங்கிலம் எல்லாம் வந்துபோனது. கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"அக்கா, சிங்களம் தெரியாமச் சமாளிக்கலாமோ?"

"சமாளிக்கலாம். நாலு வருசமும் சமாளிக்கலாம். ஆனா ரெண்டாம் வருசம் வரைக்கும் பொறுக்காத, முதல் கிழமையிலயே எண்ணுப் பழகு."

அவளுக்கு இது விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவளுடைய அப்பா போனை வாங்கி, இரவு பஸ்ஸில் பிள்ளையைத் தனிய அனுப்பலாமா, கண்டியில் இறங்கி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கோ ஐயா என்றேன். பேராதனைப் பக்கம் போகிற பஸ் எங்கே நிற்கும், வளாகத்துக்கு எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை மெதுவாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.